அண்ணனின் வாய், தங்கையின் குரல்

அத்தியாயம் 11

போன வாரம் சுகைனா தொலைபேசியில் யாரிடமோ, "சரி, நாளைக்கு நானே வரேன்" என்று சொன்னாள் அல்லவா? எங்கே வருவதாகச் சொன்னாள் என்பது, அவளுடைய அண்ணன் நவ்ஃபலுக்குக் காலையில் வகுப்பறைக்குள் நுழைந்தபோதுதான் தெரிந்தது.

அறையின் பின்சுவரை ஒட்டியிருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன். எதிரே மைக். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே அண்ணனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.



ராஸ் மெல்ஹ் துறைமுகத்தின் பயிற்சி மையம் அது. பல நாட்டுத் துறைமுகங்களிலிருந்து மேலாளர்கள் இங்கே வந்து தங்கி, ஒருவர் அனுபவத்தை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துப் போவார்கள். இந்த முறை வந்தவர்களில் பாதிப் பேருக்கு அரபி, மீதிப் பேருக்கு பிரெஞ்சு. மையத்தின் தலைவர் கேப்டன் நவ்ஃபல் அரபியில் பாடம் நடத்துவார். கண்ணாடிக் கூண்டில் இருப்பவர் அதை அந்தக் கணமே பிரெஞ்சில் சொல்வார். பிரெஞ்சில் யாராவது கேட்டால் அரபியில் சொல்வார்.

மற்ற எந்த நாளாக இருந்தாலும் பரவாயில்லை. இன்றைய பாடம் விபத்து. மூன்று குளிர்காலங்களுக்கு முன் இதே துறைமுகத்தில் நடந்த விபத்து. அந்தக் கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவந்த பைலட், சுகைனாவின் கணவன் முக்தார்.

நவ்ஃபல் வேகமாகப் போய்க் கூண்டின் கதவைத் திறந்தார்.

"நீ என்ன பண்றே இங்க?"

"உட்கார்ந்திருக்கேன். தெரியலை?"

"ரியாத் எங்கே?"

"ரியாதுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. தொண்டை இல்லாத மொழிபெயர்ப்பாளனை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே? அதான் ஏஜென்சில என்னைக் கூப்பிட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வேற ஆளைப் பிடிச்சிருப்பே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அது நடந்ததுலேர்ந்து இந்தத் துறைமுக கேட்டுக்குள்ள நான் காலே வைக்கலைண்ணா. கடைக்குப் போகணும்னாகூட ஊரைச் சுத்திக்கிட்டுப் போறேன். எத்தனை நாளைக்குச் சுத்தறது?"

பக்கத்து நாற்காலியில் அவளுடைய கூட்டாளி ஒல்ஃபா சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். அரை மணிக்கு ஒருமுறை இருவரும் மைக்கை மாற்றிக்கொள்வார்கள்.

"நவ்ஃபல் ஐயா, உங்க தங்கச்சியைப் பத்திக் கவலைப்படாதீங்க. என்னைவிட நல்லா பேசுவா. நானே சொல்றேன்னா பாத்துக்கங்க" என்றாள் அவள்.

"இன்னிக்குப் பாடம் உனக்குப் பிடிக்காது சுகைனா."

"எனக்குப் பிடிச்ச விஷயத்தையா இதுவரைக்கும் மொழிபெயர்த்திருக்கேன்? போன மாசம் ஸ்ஃபாக்ஸ்ல கோழிக்கு வர்ற கழிச்சல் நோயைப் பத்திப் பேசினேன். ரெண்டு நாள் முட்டை சாப்பிட முடியலை. நீ போ, ஆளுங்க வந்துட்டாங்க."

அப்போதே அவர் சொல்லியிருக்கலாம். என்ன பாடம் என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். நவ்ஃபல் கதவை மெல்லச் சாத்திவிட்டு மேடைக்குப் போனார்.

*

விபத்து நடந்த அன்று காற்று கிழக்கிலிருந்து அடித்தது. கோதுமை ஏற்றிவந்த கப்பல் ஒன்று அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் காற்றில் ஒருபக்கமாகத் தள்ளப்பட்டு, சரக்கு இறக்கும் துறையின் மேல் மோதியது. கப்பலின் கயிற்றை வாங்கிக் கட்டப் போன சின்னப் படகு இடையில் மாட்டிக்கொண்டது. படகில் இருந்த ஒருவர் இறந்தார். விசாரணை நடந்தது. பைலட் முதல் நாள் இரவு தூங்கவில்லை, களைப்பினால் தவறு செய்தார் என்று முடிவானது. முக்தாரின் உரிமம் பறிபோனது. கப்பல் ஓட்டிய கை இப்போது ஸ்ஃபாக்ஸுக்கும் ராஸ் மெல்ஹுக்கும் நடுவே, ஆள் நிரம்பினால் கிளம்பும் பங்கு வண்டி ஓட்டுகிறது.

இதுவரை வாராவாரம் படித்து வருகிறவர்களுக்கு இவ்வளவும் தெரியும். அந்த விபத்தையே ஒரு பாடமாக எழுதி, வெளிநாட்டுப் பயிற்சியில் பரிசு வாங்கி, அந்தப் பரிசின் பலத்தில் நவ்ஃபல் இந்த நாற்காலிக்கு வந்தது மட்டும் சுகைனாவுக்குத் தெரியாது.

மேடையில் நவ்ஃபல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெயர்கள் எதையும் சொல்லப் போவதில்லை. ஒரு நடுத்தரத் துறைமுகம். குளிர்காலக் காலை. அன்று பணியில் இருந்த அதிகாரி நான்தான்."

மொழிபெயர்ப்பில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால், மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் சுகைனாவின் உதடுகள் அசைந்தன. அன்று பணியில் இருந்த அதிகாரி நான்தான்.

நவ்ஃபல் தொடர்ந்தார். கோதுமைக் கப்பல் என்றதும் அவளுடைய உதடு ஒரு நொடி நின்றது. பிறகு அசைந்தது. கிழக்குக் காற்று என்றார். அவள் ஒரு உள்ளங்கையை மேஜைமேல் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"பைலட் நல்ல அனுபவசாலி. ஆனால் முந்தின இரவு வீட்டுப் பிரச்சினையால் அவர் தூங்கவில்லை. களைத்த மனிதனின் கணிப்பு பிழையாகும். நாம் கற்க வேண்டியது இதுதான்."

கூண்டுக்குள் ஒல்ஃபா சூயிங்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். ஊரில் அவளுக்குத் தெரியாத கதை இல்லை. சுகைனாவின் முழங்கையைத் தொட்டு, மைக்கைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள். சுகைனா தலையை அசைத்து மறுத்துவிட்டு மேலே பேசினாள்.

பிரெஞ்சு கேட்பவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அவர்கள் காதில் ஒரு பெண், தன் புருஷனின் பிழையைத் தெளிவான உச்சரிப்பில், தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடிவில் முதல் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. எச்சாத்தா. கொமோரோ தீவுகளில் ஒரு சின்னத் துறைமுகத்தை நடத்துகிறவள். தோளில் சிவப்புப் பூப்போட்ட துணி. 'எங்கள் ஊரில் இழுவைப் படகு ஒன்றுதான், அதுவும் பாதி நாள் ரிப்பேர்' என்று வந்த அன்றே எல்லோரையும் சிரிக்கவைத்தவள்.

"ஒரு சின்ன சந்தேகம் கேப்டன். காத்து குறையற வரைக்கும் வெளியே நிக்கறேன்னு அந்தப் பைலட் கேக்கலையா?"

"ரேடியோவில் அப்படி எந்தக் கோரிக்கையும் பதிவாகவில்லை" என்றார் நவ்ஃபல்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மூன்று வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்த வாக்கியம் அது. விசாரணையில் சொன்னார். பரிசு வாங்கிய மேடையில் சொன்னார். இன்று தங்கையின் வாயாலும் சொல்லவைத்துவிட்டார்.

*

மதியம் உணவுக்கூடத்தில் ரவையில் செய்த மீன் குஸ்குஸ். நவ்ஃபல் ஓரமாகப் போய், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். தட்டு ஒன்று எதிரே வந்து அமர்ந்தது. சுகைனா.

"நல்லா பாடம் நடத்தினே" என்றாள்.

"சுகைனா, நான்..."

"பேரைச் சொல்லாம விட்டியே, அதுக்கு நன்றி. நிஜமாத்தான் சொல்றேன்." அவள் மீனிலிருந்து முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "அந்த ராத்திரி எங்களுக்குள்ள என்ன சண்டைன்னு உனக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் எதுக்கு இப்போ?"

"ஜெனீவால ஆறு மாச வேலை கிடைச்சுது எனக்கு. அவர்கிட்ட சொன்னேன். உடனே 'போயிட்டு வா'ன்னார். யோசிக்கக்கூட இல்லை. எப்படி அவ்வளவு சுலபமா போகச் சொல்லலாம்னு சண்டை பிடிச்சேன். என்னை விட்டுட்டு இருக்க முடியுமான்னு கேட்டேன். விடியக்காலைப் பாங்கு சொல்ற வரைக்கும் விடலை. அப்பறம் எழுந்து காபிகூடக் குடிக்காம வேலைக்குப் போனார்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"விசாரணையில நானேதான் போய்ச் சொன்னேன், ஞாபகமிருக்கா? 'அவர் தூங்கலை, அவர் மேல தப்பில்லை, நான்தான் காரணம்'னு. அவங்க முதல் ரெண்டு வார்த்தையை மட்டும் எழுதிக்கிட்டாங்க. ஊர்ல இருக்கற எல்லார் பேச்சையும் அப்படியே மாத்திச் சொல்றதுதான் என் தொழில். என் புருஷனுக்காகப் பேசப் போனப்போ, என் வார்த்தையே அவர் கழுத்துல கத்தியாயிடுச்சு."

"அது உன் தப்பில்லை."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அவரும் அப்படித்தான் சொல்றார். இன்னிக்கும் வண்டிச் சாவியை எடுக்கறப்போ 'தூங்கினீங்களா'ன்னு கேக்கறேன். தினமும் கேக்கறேண்ணா. 'நல்லா தூங்கினேன்'னு சிரிக்கறார். நான்தான் தூங்கறதில்லை. படகுல செத்துப்போன ஜலூலோட பொண்டாட்டியை மீன் சந்தையில பாத்தா பக்கத்துத் தெருவுல நுழைஞ்சுடறேன். ஒருநாள் என்னைக் கூப்பிட்டா. ஓடிட்டேன்."

நவ்ஃபலின் கரண்டி கையிலேயே நின்றது. அவள் இவ்வளவு சுமக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயன்றதும் இல்லை. பெருநாளுக்குப் பெருநாள் போவார், அவள் குழந்தைக்குப் பொம்மை கொடுப்பார், தேநீர் ஆறுமுன் கிளம்பிவிடுவார்.

"சுகைனா, உன்கிட்ட ஒண்ணு..."

"கேப்டன்!" தோளில் ஒரு கை விழுந்தது. சூடான்காரர் காமில். கண்ணில் நீர், மூக்கில் கைக்குட்டை. "உங்க ஊரு ஹரிஸா மிளகாய் விழுதைத் தக்காளிச் சட்னின்னு நெனைச்சு ஒரு கரண்டி அப்படியே முழுங்கிட்டேன். என் பொணத்தை எந்தக் கப்பல்ல ஏத்துவீங்க?"

"ரொட்டியைக் கடிங்க ஐயா. தண்ணி குடிக்காதீங்க, இன்னும் எரியும்" என்று சுகைனா சிரித்தபடி எழுந்து, தன் ரொட்டியை அவரிடம் நீட்டினாள்.

நாக்கு நுனிவரை வந்த சொல்லை நவ்ஃபல் குஸ்குஸோடு விழுங்கினார்.

அந்தச் சொல் இதுதான். விபத்து நடந்த அன்று காலை முக்தார் கேட்டான். கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, "காத்து அடங்கட்டும் மச்சான், வெளியே நங்கூரம் போடறேன்" என்றான். ரேடியோவில் இல்லை, கைபேசியில். நவ்ஃபல்தான் கைபேசியில் கூப்பிட்டார். ரேடியோவில் பேசினால் பதிவாகிவிடும். பயிற்சி மையத்தை இந்தத் துறைமுகத்தில் வைக்கலாமா என்று பார்ப்பதற்காக அன்று வெளிநாட்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். துறை காலியாக இருந்தது. பெரிய கப்பலிலிருந்து கோதுமை இறங்குவதை அவர்களுக்குக் காட்ட வேண்டும். முக்தார் மறுபடியும் கேட்டான். "இன்னிக்கு என் மானத்தை வாங்காதே மாப்ளே, உள்ளே கொண்டு வா" என்று சொல்லிவிட்டு நவ்ஃபல் இணைப்பைத் துண்டித்தார்.

விசாரணையில் முக்தார் அந்த அழைப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவன் திறப்பான், திறப்பான் என்று ஒவ்வொரு நாளும் நவ்ஃபல் பயந்துகொண்டே போனார். அவன் திறக்கவில்லை. மையம் வந்தது. நாற்காலி வந்தது.

*

பிற்பகலில் செய்முறை. பெரிய இருட்டறைக்குள் கப்பலின் மேல்தளத்தைப் போலவே ஒரு மேடை, சுற்றிலும் திரை. திரையில் ராஸ் மெல்ஹ் கடல். காலையில் கேட்ட அதே கப்பலை, அதே காற்றில், ஒவ்வொரு குழுவும் உள்ளே கொண்டுவர வேண்டும். கட்டுப்பாட்டு அறையாக ரேடியோவில் பதில் சொல்கிறவர் நவ்ஃபல்.

முதல் குழு. திரையில் அலைத்தடுப்புச் சுவர் தெரிந்ததுமே ரேடியோ கரகரத்தது.

"கட்டுப்பாட்டு அறை, காத்து ரொம்ப அதிகம். வெளியே நிக்க அனுமதி வேணும்."

"அனுமதிக்கிறேன்" என்றார் நவ்ஃபல்.

இரண்டாவது குழுவும் அதையே கேட்டது. மூன்றாவது குழுவில் காமில்தான் பைலட். "அய்யா, ஹரிஸாவுலயே ஒரு தடவை செத்துப் பொழைச்சவன் நான். மறுபடியும் முடியாது. வெளியே நிக்கறேன்" என்றார். இருட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நவ்ஃபல் சிரிக்கவில்லை. 'அனுமதிக்கிறேன்' என்று சொல்வது எவ்வளவு எளிது. ஒரே ஒரு சொல். சொல்லும்போது நாக்கு வலிக்கவில்லை, மானமும் போகவில்லை.

நான்காவதாக எச்சாத்தா நின்றாள். அவளும் கேட்டாள். அவர் அனுமதித்தார்.

எல்லோரும் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். சுகைனா மறுபடி கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். நவ்ஃபலுக்குப் பிரெஞ்சு நன்றாகவே தெரியும், அவருக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. இருந்தும் மேஜைமேல் கிடந்த ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

எச்சாத்தா எழுந்தாள். பிரெஞ்சில் பேசினாள். நவ்ஃபலின் காதில் அது தங்கையின் குரலில், வீட்டுப் பேச்சில், அரபியாக வந்து விழுந்தது.

"கேப்டன், நாங்க நாலு குழு. நாலு குழுவும் வெளியே நிக்கறேன்னுதான் கேட்டோம். இந்தத் துறைமுகத்தை நான் பாத்தே ஒரு வாரம் ஆகலை. எனக்கே பயமா இருந்தது. இங்கேயே காலமெல்லாம் கப்பல் கொண்டுவந்தவருக்கு அது தோணாம போகுமா?"

எச்சாத்தா நிறுத்திய இடத்தில் சுகைனாவும் நிறுத்தினாள்.

"தூக்கமில்லேன்னா மனுஷனுக்குக் கண்ணு சொருகும். பயமுமா மறந்துபோகும்? அவர் கேக்கலையா?"

கேள்வி எச்சாத்தாவுடையது. ஆனால் கடைசி இரண்டு சொற்களில் குரல் உடைந்தது. கேள்வி கேட்டவளின் குரல் உடையவில்லை. நவ்ஃபல் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய தங்கை மைக்கின்மேல் குனிந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழவழப்பான அந்த வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் போதும். பிறகு தேநீர், சான்றிதழ், குழுவாக ஒரு படம்.

"கேட்டார்" என்றார் நவ்ஃபல்.

அறையில் யாரோ பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"ரெண்டு தடவை கேட்டார். ரேடியோவில் இல்லை. நான் அவருடைய கைபேசியில் கூப்பிட்டேன். பதிவாகக் கூடாது என்பதற்காகத்தான் அதில் கூப்பிட்டேன். வெளியே நிற்கிறேன் என்றார். உள்ளே கொண்டு வா என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு இந்த மையத்துக்காகப் பெரிய மனிதர்கள் பார்வையிட வந்திருந்தார்கள். காலியான துறையைக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் என் தங்கையின் கணவர். நான் கெஞ்சினால் மறுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்."

அரபி புரிந்தவர்கள் அசையாமல் இருந்தார்கள். பிரெஞ்சு கேட்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஹெட்போனைத் தட்டினார். "சத்தம் வரலையே" என்று திரும்பிப் பார்த்தார்.

கூண்டுக்குள் ஒல்ஃபா மைக்கின் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள். சுகைனா தன் கையால் அந்தப் பொத்தானை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

பிறகு பேசினாள். ஒரு சொல்லும் விடவில்லை.

"அவர் என்னிடம் இரண்டு முறை கேட்டார். உள்ளே கொண்டு வா என்று நான்தான் சொன்னேன்."

நான்தான், நான்தான் என்று மூன்று வருஷமாக அவள் தனக்குள்ளேயே சொல்லிச் சொல்லி நைந்துபோயிருந்தாள். இன்று அதே சொல் அவள் வாயிலிருந்து வந்தது, இன்னொருவருடையதாக. கன்னத்தில் நீர் வழிந்தது. குரல் மட்டும் இறங்காமல், வேலையை முடித்துவிட்டு நின்றது.

எச்சாத்தா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். ஜெயித்தவளின் முகமாக அது இல்லை.

"படகுல இறந்தவர் பேரு என்ன?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நவ்ஃபல் அந்தப் பாடத்தை எத்தனையோ நாட்டுக்காரர்களுக்கு நடத்தியிருக்கிறார். அதை ஒருவரும் கேட்டதில்லை.

"ஜலூல்" என்றார்.

"ஜலூல்" என்றாள் சுகைனா, பிரெஞ்சில். பெயருக்கு மொழிபெயர்ப்பு இல்லை.

*

வகுப்பு கலைந்த பிறகும் நவ்ஃபல் மேடையிலேயே நின்றார். போகும்போது காமில் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். "அல்லாஹ் லேசாக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். எச்சாத்தா தலையசைத்துவிட்டுப் போனாள்.

நாளைக்கே தலைமையகத்திலிருந்து ஆள் வரும். விசாரணையை மறுபடி திறப்பார்கள். நாற்காலி போகும், அதற்கு மேலும் போகலாம். அதையெல்லாம் நினைக்க முயன்றார். நினைவு அங்கே நிற்கவில்லை. தங்கை வந்து கன்னத்தில் அறைந்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

சுகைனா கைப்பையோடு வந்தாள். அறையவில்லை.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு."

"திட்டு. திட்டிடு சுகைனா."

"உன்னைத் திட்டறதுக்கு எனக்கு இன்னும் நிறைய நாள் இருக்கு. நீ எங்கே போயிடப் போறே?" அவள் குரல் வறண்டிருந்தது. "போன்ல பேசினேன்னு சொன்னியே. போன்னா ரெண்டு பக்கமும் ஆளு இருக்கணும் இல்லே?"

நவ்ஃபல் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவருக்குத் தெரியும். விசாரணை முடிஞ்சு வீட்டுக்கு வந்து, என்னாலதான், என்னாலதான்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன். அவர்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அப்பவும் தெரியும். தினமும் 'தூங்கினீங்களா'ன்னு கேட்டேனே, அப்பவும் தெரியும். ஏன் சொல்லலை? நீ சொல்ல வேண்டாம்னு கேட்டியா?"

"கேக்கலை. சத்தியமா கேக்கலை. கேக்கறதுக்குக்கூட எனக்குத் தைரியம் வரலை. அவனா சொல்லலை. ஏன்னு நானும் இன்னிக்கு வரைக்கும் கேட்டதில்லை. கேட்டா, 'சரி, சொல்லிடறேன்'னு சொல்லிடுவானோன்னு பயம்."

"வா" என்றாள் அவள்.

"எங்கே?"

"கேக்கறதுக்கு."

துறைமுக வாசலைத் தாண்டி, சாலையின் எதிர்ப்பக்கம் பங்கு வண்டி நிலையம். வெள்ளை வண்டிகளின் வரிசை. தூசியும் டீசல் வாடையும் வறுத்த பூசணி விதை வாசமும். வரிசையின் முதல் வண்டிக்கு வெளியே முக்தார் நின்று கூவிக்கொண்டிருந்தான்.

"ஸ்ஃபாக்ஸ்! ஸ்ஃபாக்ஸ்! ஒரே ஒரு சீட்டு! ஏறினா கிளம்பறதுதான்!"

வண்டிக்குள் பருமனான ஒரு பெண்மணி மடியில் துணிமூட்டையோடு கத்தினாள்: "இதையேதான் ஒரு மணி நேரமா சொல்றே! உன் ஒரே ஒரு சீட்டுக்கு ராஜகுமாரன் யாராவது வரணுமா?"

"வருவான் ஹாஜியம்மா, வருவான். உங்களுக்குப் பக்கத்து சீட்டு இல்லே? சும்மா யாரையாவது ஏத்திட முடியுமா?"

உள்ளே சிரிப்பு எழுந்தது. முக்தாரும் சிரித்தபடி திரும்பினான். துறைமுக வாசலிலிருந்து தன் மனைவியும் மச்சானும் சேர்ந்து நடந்துவருவதைப் பார்த்தான்.

அவன் சிரிப்பு மெல்ல வற்றியது. ஒருவரின் முகத்தையும் மற்றவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் சாலையைக் கடந்து எதிரே வந்து நின்றார்கள்.

"சொல்லிட்டியா மச்சான்?" என்றான் நவ்ஃபலிடம்.

சுகைனா மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். வழி நெடுக, அவனுக்கு ஒருவேளை மறந்திருக்கலாம், அவன் சரியாகக் கேட்டிருக்காமல் இருக்கலாம் என்று ஏதேதோ சமாதானம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த இரண்டு சொற்களில் எல்லாம் உதிர்ந்துபோயின.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"வீட்டுக்குப் போ. ஒரு நடை போயிட்டு வந்துடறேன். ராத்திரி பேசலாம்."

"ராத்திரி வேண்டாம். ராத்திரியில பேசிப் பேசித்தான் இந்தக் கதிக்கு வந்தோம். இப்போ சொல்லுங்க. இங்கேயே சொல்லுங்க."

"என்னப்பா, கிளம்புமா கிளம்பாதா?" என்று உள்ளேயிருந்து அந்தப் பெண்மணி தலையை நீட்டினாள். சுகைனாவின் முகத்தைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

முக்தார் சாலையைப் பார்த்தான். துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் ஊதியது. அந்தப் பக்கம் அவன் திரும்பவில்லை. சட்டென்று கையை நீட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியின் பக்கக் கதவை முழுசாகத் தள்ளித் திறந்தான்.

"எல்லாரும் மன்னிக்கணும். இந்த வண்டி போகாது. பின்னாடி நிக்கற வண்டியில ஏறிக்கங்க."

முணுமுணுத்துக்கொண்டும் மூட்டைகளை இழுத்துக்கொண்டும் எல்லோரும் இறங்கினார்கள். காலி வண்டிக்குள் சுகைனா ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரே முக்தார் உட்கார்ந்தான். நவ்ஃபல் மட்டும் தூசியில் நின்றார். ஏறலாமா, ஏறும் உரிமை தனக்கு உண்டா என்று தெரியாமல் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முக்தார் அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று நவ்ஃபல் எதிர்பார்த்தார். இல்லை. தப்புச் செய்த ஒருவன், தப்புச் செய்த இன்னொருவனைப் பார்க்கும் பார்வையாக இருந்தது அது.

"நீயும் ஏறு மச்சான்" என்றான். "இதை ரெண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை."